அந்த சிடி பவுச்சை எடைக்குப் போடாதீர்கள்: கணினி சர்வீஸ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், ஊர் ஊராகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ‘சேல்ஸ் அண்ட் சர்வீஸ்’ பலகை மாட்டியிருப்பவர்களுக்கும், கடையே இல்லாமல் தோள்பையோடு பைக்கில் போய் வீட்டிலேயே ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி இயங்குதளம்) போட்டுக் கொடுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நானும் உங்கள் தொழில்தான். அச்சகம், சின்ன மருத்துவமனை, லேத் பட்டறை என்று பழைய மெஷினை விடமுடியாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் இடங்கள்தான் என் வாடிக்கை. ஆயுத பூஜை வருகிறது என்றால் கடையை ஒழிப்போம். செத்த எஸ்எம்பிஎஸ், உடைந்த கீபோர்டு, ஒயர் சுருள் எல்லாம் போகிற கையோடு, அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கும் சிடி பவுச்சும் அட்டைப்பெட்டியும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். இப்போது யாரிடம் சிடி டிரைவ் இருக்கிறது என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். இருந்தாலும் அந்தப் பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை தரையில் கொட்டிப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எல்லாவற்றையும் கட்டிக் காக்கச் சொல்லவில்லை. கம்பெனி அச்சிட்டுக் கொடுத்த, யாரும் கைவைக்காத ஒரிஜினல் இன்ஸ்டாலர்களை, அதாவது ஓஎஸ்ஸை நிறுவும் டிஸ்க்குகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒழுங்காக நகல் எடுத்து வையுங்கள். இதைத்தானே காலம்காலமாகச் செய்கிறோம் என்று தோன்றும். பவுச்சைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், செய்யவில்லை என்று.

இந்தக் காலத்தில் எக்ஸ்பி யாருக்கு வேண்டும் என்று வெளியாள் கேட்கலாம். நீங்கள் கேட்க மாட்டீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. ஆனால் அதை நம்பி வாங்கிய மெஷின்களை யாரும் கைவிடவில்லை. தட்டு எடுக்கும் சிடிபி மெஷின், சிஎன்சி, எடைமேடை, எக்ஸ்ரே பிளேட் படிக்கும் ரீடர், ரத்தப் பரிசோதனைக் கருவி. இவற்றோடு கட்டிப்போட்ட கணினி சில ஆயிரம் பெறும். பின்னால் நிற்கும் மெஷின் பல லட்சம். அதன் மென்பொருள் ஒரு பிசிஐ கார்டையோ பிரிண்டர் போர்ட்டில் செருகிய டாங்கிளையோ (லைசென்ஸ் பூட்டாக வரும் சின்னக் கட்டை) தேடும். அந்த டாங்கிளுக்கு 32 பிட் டிரைவர் (கருவியை விண்டோசோடு பேசவைக்கும் மென்பொருள்) மட்டும்தான் எழுதியிருப்பார்கள். 64 பிட் விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளே விடுவதில்லை. டிரைவர் எழுதிய கம்பெனியோ கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கும். ஹார்டு டிஸ்க் செத்தால் திரும்ப எக்ஸ்பிதான் போட்டாக வேண்டும். வேறு வழி இல்லை.

தமிழ் அச்சகங்களின் கதை இதிலே இன்னொரு முடிச்சு. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் நம் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், சிற்றிதழ்கள் எல்லாம் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7. அது 2001-இல் வந்தது. அதற்குள் இருக்கும் எழுத்துகள் யூனிகோடு கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குறியேற்றம், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு விசைப்பலகை, சிலவற்றுக்கு டாங்கிள் பூட்டு வேறு. இருபது வருடம் கழித்து மறுபதிப்புக்காகப் பதிப்பாளர் ஒரு சிடியைத் தூக்கிக்கொண்டு வருவார். எழுத்தை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், அதற்குக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அட்டவணை எங்கே உடைந்தது, அடிக்குறிப்பு எந்தப் பக்கத்தில் நின்றது, மாற்றும்போது எந்தக் கொம்பு காணாமல் போனது என்று ஒப்பிட்டுப் பார்க்க, பழைய சூழலிலேயே அந்தக் கோப்பு ஒருமுறை திறக்க வேண்டும். அந்தச் சூழல் எழுத்துருவோடு முடிவதில்லை. எழுத்துரு நிறுவியும் டாங்கிளும் கேட்கிற ஓஎஸ்ஸிலிருந்து அது ஆரம்பிக்கிறது.

எக்ஸ்பியில் முதல்முதலாகத் தமிழ் இணையப் பக்கம் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து வட்டவட்டமாக நிற்கும். கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய், சிக்கல் எழுத்து மொழிகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் அடித்தால், உடனே ‘எக்ஸ்பி சிடியைப் போடு’ என்று கேட்கும். தேவையான கோப்புகள் சிடியின் ஐ386 ஃபோல்டருக்குள் இருந்தன. நிறுவிய விண்டோசுக்குள் இல்லை. சிடி இல்லாதவன் கடைக்கு ஓடி வந்தான். தமிழ் தெரிவதற்கே இன்ஸ்டாலர் சிடி வேண்டியிருந்த காலம் அது. விஸ்டாவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஓடுகிற கணினியின் டிஸ்க்கை அப்படியே ஒரே கோப்பாக இமேஜ் எடுத்து வைத்துவிட்டேன், இன்ஸ்டாலர் எதற்கு என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: ஓடுகிற கணினிக்குள் வராத எத்தனையோ கோப்பு சிடிக்குள் இருக்கிறது.

சரி, பவுச்சைத் திறப்போம். என்ன இருக்கும்? மார்க்கரில் ‘எக்ஸ்பி’ என்று எழுதிய சிடி ஆறு. ‘எக்ஸ்பி நியூ’ இரண்டு. ‘எக்ஸ்பி சாட்டா ஒர்க்கிங்’ ஒன்று. ‘7 ஆல் இன் ஒன்’ டிவிடி, ‘கோஸ்ட்’ டிவிடி, பெயரே எழுதாத ஒன்று. இவற்றில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டபடி இருப்பது எது? பெரும்பாலும் ஒன்றுகூட இல்லை. கறுப்பு தீமும் யாரோ ஒருவன் பெயர் போட்ட வால்பேப்பரும் கொண்ட மாற்றுப் பதிப்புகள், லைசென்ஸ் கீ கேட்காதவை, பத்து நிமிடத்தில் ஏறுபவை. இவை எப்படி நம் பைக்குள் வந்தன என்று எல்லோருக்கும் தெரியும். ஒரிஜினல் எக்ஸ்பி போட முக்கால் மணி நேரம், அதற்குப் பிறகு டிரைவர், அதற்குப் பிறகு ஆபீஸ், கோடெக், பிடிஎஃப் ரீடர். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆச்சா அண்ணே’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எல்லாம் போட்டு ரெடியாக வந்த டிஸ்க்கை யார் வேண்டாம் என்பார்கள்? தொழில் ஓட அது உதவியது, நான் குறை சொல்ல வரவில்லை. பாதுகாத்து வைக்கிற பிரதியாக மட்டும் அது உதவாது.

அதில் எதை வெட்டினார்கள் என்று எங்கும் எழுதியிருக்காது என்பதுதான் காரணம். என்லைட் என்ற கருவியில் டிக் எடுத்து எடுத்து எக்ஸ்பியை இளைக்க வைத்தார்கள். இடம் மிச்சம் பிடிக்க முதலில் பலியானவற்றில் ஒன்று, ஐ386-க்குள் இருக்கும் மொழிக் கோப்புகளின் ஃபோல்டர். அமெரிக்காவிலோ ரஷ்யாவிலோ உட்கார்ந்து வெட்டியவனுக்குத் தமிழ் எழுத்து எதற்கு? அந்த டிஸ்க்கில் போட்ட எக்ஸ்பியில் தமிழ் டிக் அடித்தால் கோப்பு இல்லை என்று நிற்கும். பிரிண்ட் ஸ்பூலரிலோ சீரியல் போர்ட்டிலோ ஏதோ ஒன்றை ஒருவன் தேவையில்லை என்று நினைத்திருந்தால், எடைமேடை மென்பொருள் அங்கே காலை வாரும். நீங்கள் மூன்று நாள் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். வைரஸை உள்ளேயே வைத்து வந்தவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரிஜினலிலும் எல்லாம் ஒன்றல்ல. வீட்டுப் பதிப்பு வேறு, புரொஃபஷனல் வேறு என்பது மேலோட்டம். உள்ளே இன்னொரு பிரிவு இருக்கிறது: கடையில் பெட்டியாக விற்றது, கணினியோடு வந்த ஓஇஎம், நிறுவனங்களுக்குக் கொடுத்த வால்யூம். கேபினெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஓஇஎம் கீ இருந்தால், அதைப் பெட்டிப் பதிப்பின் சிடியில் அடித்தால் ஏற்காது. கீ போலி என்று பலபேர் அங்கேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். ஐ386-க்குள் ‘செட்டப்பி’ என்று ஒரு ஐஎன்ஐ கோப்பு இருக்கும். ஆங்கிலத்தில் பி இரண்டு வரும். நோட்பேடில் திறந்தால் பிஐடி என்று ஒரு வரி. அது 335 என்று முடிந்தால் பெட்டிப் பதிப்பு, 270 என்றால் வால்யூம், ஓஇஎம் என்ற எழுத்திலேயே முடிந்தால் ஓஇஎம். பெரிய பிராண்டு கணினிகளோடு வந்த சிடிகள் மதர்போர்டின் பயாஸை (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் நிரல்) பார்த்துத் தானே ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். அதே பிராண்டு போர்டில் மட்டும்தான். ஆகவே ‘என்னிடம் எக்ஸ்பி இருக்கிறது’ என்று சொன்னால் எந்த எக்ஸ்பி என்று அடுத்த கேள்வி வர வேண்டும். டிஸ்க்கின் முகத்தில் அச்சிட்ட பார்ட் நம்பரையும் சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள்.

சர்வீஸ் பேக், அதாவது திருத்தங்களின் தொகுப்பு, விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பிக்கு 137 ஜிபிக்கு மேல் ஹார்டு டிஸ்க் தெரியாது. அதைத் தீர்த்தது 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக். மூன்றாவது, அதுவே கடைசி, 2008-இல் வந்தது. ஒரிஜினல் வேண்டும் என்று பழம்பொருள் மோகத்தில் முதல் சிடியை எடுத்து 500 ஜிபி டிஸ்க்கில் போட்டால் டேட்டாவுக்கு உத்தரவாதம் இல்லை. முதல் சிடியையும் வையுங்கள். கூடவே சர்வீஸ் பேக் 3-இன் முழு நிறுவிக் கோப்பையும் வையுங்கள். அப்புறம் டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு 2020-லேயே பொய்த்துப்போனது. அந்த ஆகஸ்ட் மாதம் மைக்ரோசாஃப்ட் தன் டவுன்லோடு மையத்திலிருந்து எஸ்எச்ஏ-1 கையொப்பம் போட்ட கோப்புகளை எடுத்துவிட்டது. பழைய கையொப்ப முறை பாதுகாப்பற்றது என்பது காரணம்; காரணம் சரிதான். ஆனால் எக்ஸ்பி காலத்துக் கோப்புகள் கூட்டத்தோடு மறைந்தன. ஆசைப்பட்டாலும் புதிதாகப் போட்ட எக்ஸ்பியிலிருந்து நேராக இறக்க முடியாது. அதிலிருக்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-க்கு இன்றைய பாதுகாப்பு இணைப்பு முறை எதுவும் புரியாது, கூகுள்கூடத் திறக்காமல் முரண்டு பிடிக்கும்.

அப்டேட்டுகளில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது, கைவிட்டு மூன்று வருடம் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்து ஒரு திருத்தம் கொடுத்தது. எண் கேபி4012598. லேன் கேபிள் செருகாத எக்ஸ்பிதான் நல்ல எக்ஸ்பி என்பது என் கட்சி. ஆனால் அச்சகத்தில் பக்கத்தை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் ஆர்ஐபி மெஷினுக்கு நெட்வொர்க்கில்தான் கோப்பு போக வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இந்தத் திருத்தம் இல்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

விண்டோஸ் 7 இன்னும் அதிகக் கணினிகளில் உயிரோடு இருக்கிறது; அதனாலேயே அதைப் பாதுகாக்க யாரும் அவசரப்படவில்லை. 2020 ஜனவரி 14-இல் அதற்கும் ஆதரவு முடிந்தது. ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கையும் அடக்கிய கோப்பு) ஒன்று மட்டும் கையில் இருந்தால் போதாது என்பது போடும்போதுதான் தெரியும். 2015-க்குப் பிறகு வந்த இன்டெல் போர்டுகளில் இன்ஸ்டாலர் முதல் திரை வரும், மவுஸ் அசையாது, கீபோர்டு வேலை செய்யாது. விண்டோஸ் 7 பிறந்தபோது யுஎஸ்பி 3 டிரைவர் அதற்குள் கிடையாது. பழைய யுஎஸ்பி கன்ட்ரோலரைப் புதிய சிப்செட்டில் எடுத்துவிட்டார்கள். பென்டிரைவ் வழியாகப் போட்டால் ‘சிடி டிரைவ் டிரைவர் காணவில்லை’ என்று சம்பந்தமே இல்லாத பிழைச் செய்தி வரும். அதைப் பார்த்து ஐஎஸ்ஓ கெட்டுப்போச்சு என்று நல்ல பிரதியைத் தூக்கியெறிந்தவர்களை எனக்குத் தெரியும். போட்டு முடித்தாலும் அப்டேட் நேராக ஓடாது. 2019-இல் கையொப்ப முறையை எஸ்எச்ஏ-2-க்கு மாற்றியதால், சர்வீஸ் பேக் 1, அதன் மேல் கேபி4490628, அதன் மேல் கேபி4474419 என்று வரிசையாகப் போட்ட பிறகுதான் அடுத்தடுத்த திருத்தங்களை அது நம்பும். இந்த மூன்றும், யுஎஸ்பி 3 டிரைவரும், ஐஎஸ்ஓவும் ஒரே ஃபோல்டரில் கிடக்கட்டும்.

டிரைவர் பற்றி நீட்ட வேண்டாம். பிராண்டு கம்பெனிகள் பழைய மாடல்களின் டிரைவர் பக்கங்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கணினி கைக்கு வரும்போதே டபுள் டிரைவர் மாதிரி ஒன்றை வைத்து டிரைவர்களை உருவி எடுத்துக்கொள்ளுங்கள். லேன் டிரைவர் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எக்ஸ்பி போடும்போது 7பி என்று முடியும் நீலத்திரை வந்தால் பயாஸில் ஹார்டு டிஸ்க் இணைப்பு முறையான சாட்டாவை ஐடிஇ-க்கு மாற்ற வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பையனுக்கு அது தெரியாது. அவன் ஃப்ளாப்பியையே பார்த்ததில்லை. ஃபோல்டருக்குள் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் வந்தால் நம் கை முதலில் எங்கே போகிறது? எல்லாப் பார்ட்டிஷனையும் டெலிட் செய்வதில். அதில் பத்துப் பதினைந்து ஜிபி மறைந்து கிடக்கும் ரிகவரி பார்ட்டிஷனும் போய்விடும். இடம் அதிகமாகக் கிடைத்தது என்று வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். அந்த மாடலுக்கென்று கம்பெனி தயாரித்த ஓஎஸ், டிரைவர், லைசென்ஸ் மூன்றும் சேர்ந்த ஒரே பிரதியைத்தான் அழித்திருக்கிறோம். சில பிராண்டுகள் ரிகவரி டிவிடியை ஒருமுறைக்கு மேல் எழுதவும் விடுவதில்லை. ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் அந்தப் பார்ட்டிஷனை இமேஜ் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம், கூடப் போனால் ஒரு சாப்பாட்டு நேரம்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோசோடு மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் போஸ் லினக்சும் சேர்ந்து வந்தவை அவற்றில் உண்டு. அந்தக் கணினிகள் நம் கடைகளுக்கு வந்த வேகத்தில் போஸ் அழிக்கப்பட்டது, விண்டோஸ் மாற்றப்பட்டது. இந்த மாநிலத்துக்கென்றே தயாரான ஓஎஸ் அமைப்பு அது. வேறெங்கும் யாரும் எடுத்து வைத்திருக்கப்போவதில்லை. வந்தபடியே திறக்காமல் பரணில் கிடக்கும் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்துவிட்டு அப்புறம் வேலையைப் பாருங்கள்.

டிசைன் ஸ்டுடியோக்களுக்கு ஆப்பிள் மெஷின் பார்க்கிறவர்கள் நம்மில் குறைவு. அவர்களுக்கு இன்னொரு விதமான தலைவலி. அங்கே இன்ஸ்டாலர் கெடாமலே கெட்டதாகச் சொல்லப்படும். 2016 பிப்ரவரி 14-ஆம் தேதி ஆப்பிளின் ஒரு சான்றிதழ் காலாவதியானது. அதற்கு முன் இறக்கி வைத்திருந்த இன்ஸ்டாலர்கள் மறுநாளிலிருந்து ‘இந்தப் பிரதி சிதைந்திருக்கலாம் அல்லது மாற்றப்பட்டிருக்கலாம்’ என்று சொல்லி நின்றன. கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை. 2019 அக்டோபரில் இன்னொரு சான்றிதழ் முடிந்தபோது அதே நாடகம் மறுபடி நடந்தது. வைஃபையை நிறுத்தி, டெர்மினலில் தேதியைப் பழைய வருடத்துக்குத் தள்ளி வைத்தால் இன்ஸ்டாலர் பேசாமல் ஓடும். தெரிந்தவர்கள் அப்படித்தான் சமாளித்தார்கள். ஆகவே மேக் இன்ஸ்டாலரோடு அதை எந்தத் தேதியில் இறக்கினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். எந்தப் பதிப்பை வைப்பது என்று கேட்டால், இரண்டை விடாதீர்கள். 2009-இல் டிவிடியாக வந்த ஸ்னோ லெப்பர்டு, இன்டெலுக்கு முந்தைய பவர்பிசி சிப் காலத்து மென்பொருளை ஓட்டும் கடைசிப் பதிப்பு. மொஹாவி, 32 பிட் மென்பொருளை ஓட்டும் கடைசிப் பதிப்பு. 2019-இல் வந்த கேட்டலினா அந்தக் கதவை மூடிவிட்டது.

லினக்ஸ்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. டெபியன் தன் பழைய வெளியீடுகளுக்கென்றே தனிக் கிடங்கு வைத்திருக்கிறது, உபுண்டுவும் அப்படியே. காசு கேட்காத ஆட்கள் வைத்திருக்கிறார்கள், காசு வாங்கியவர்கள் எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போகலாம். ஆனால் அங்கேயும் 32 பிட் போய்க்கொண்டிருக்கிறது. உபுண்டு 17.10-இலேயே 32 பிட் டெஸ்க்டாப் டிஸ்க்கை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. உபுண்டு தபாலில் இலவசமாக அனுப்பிய சிடிகள் உங்கள் பெட்டியில் கிடந்தால், அவற்றைச் சும்மா ஆசைக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வைக்கிற முறை. சிடியைத் திறந்து கோப்புகளைக் காப்பி செய்து ஃபோல்டரில் போட்டால் அது நகல் இல்லை. பூட் ஆகும் பகுதி கோப்பாகத் தெரியாது, வராது. ஐஎஸ்ஓவாகத்தான் எடுக்க வேண்டும். நாமே எழுதிய சிடிகளில் பதிவு நிற்பது ஒரு சாயப் பூச்சில். நம்மூர் வெயிலுக்கும் மார்கழி ஈரத்துக்கும் அது வெளுக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. கம்பெனி அச்சிட்ட டிஸ்க் அதைவிட அதிக நாள் தாங்கும், அதுவும் நிரந்தரம் இல்லை. ஒரு டிரைவில் படிக்காத டிஸ்க் இன்னொரு டிரைவில் படிக்கும், குறிப்பாகப் பழைய, கனமான டிரைவ்களில். அதனால் நல்ல டிவிடி டிரைவ் ஒன்றிரண்டை ஸ்கிராப்பில் போடாமல் வையுங்கள். பென்டிரைவ் கிடங்கு அல்ல, அது கைமாற்றுக்கு. வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அதில் எழுதியது தங்கும் என்று நம்ப முடியாது. இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். கழற்றி வைத்த பழைய 500 ஜிபி டிஸ்க்குகளே இதற்குப் போதும், ஹெல்த் பார்த்துவிட்டு.

ஐஎஸ்ஓ எடுத்த உடனே ஹாஷ் போட்டு எழுதி வையுங்கள். விண்டோசிலேயே இருக்கும் சர்ட்யூட்டில் கட்டளை போதும். எஸ்எச்ஏ-256 என்று கொடுத்தால் நீளமாக ஒரு எண் தரும். அடுத்த வருடம் அதே எண் வந்தால் கோப்பு மாறவில்லை. மைக்ரோசாஃப்ட், மென்பொருள் எழுதுவோருக்கான தன் எம்எஸ்டிஎன் திட்டத்தின் சந்தாதாரர்களுக்குக் கொடுத்த ஐஎஸ்ஓக்களுக்கு எஸ்எச்ஏ-1 எண்ணையும் பக்கத்திலேயே காட்டியது. அந்த எண்கள் இன்றும் புழங்குகின்றன. உங்கள் பிரதி அதோடு ஒத்துப்போனால் யாரும் கைவைக்காதது என்று அடித்துச் சொல்லலாம். ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தூக்கிப்போட வேண்டாம், ஓஇஎம் டிஸ்க்குகள் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. அவற்றுக்கு அச்சிட்ட டிஸ்க்கின் போட்டோதான் சாட்சி.

பென்டிரைவிலிருந்தே கணினி கிளம்பும்படி பூட்டபிள் செய்யும் கருவியின் பழைய பதிப்பையும் எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்படி ஒரு கருவியான ரூஃபஸ் எக்ஸ்பியில் ஓடிய கடைசிப் பதிப்பு 2.18. கடையில் எக்ஸ்பி கணினி ஒன்று மட்டும் உயிரோடு இருந்து, அதில்தான் பென்டிரைவ் தயார் செய்ய வேண்டும் என்ற நிலை வந்தால் அது தேவைப்படும். கிராமத்துப் பள்ளிக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நம்மில் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது, சிலருக்குப் பயமே இல்லை, இரண்டும் சரியில்லை. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, (1)(ஏஏ) உட்பிரிவு இதைப் பற்றியே பேசுகிறது. கணினி மென்பொருளின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தோ அழிந்தோ பழுதாகியோ போகாமல் தற்காலிகப் பாதுகாப்புக்காக நகல் எடுத்துக்கொள்ளலாம்; எதற்காக அந்த மென்பொருள் கொடுக்கப்பட்டதோ அதற்காக மட்டும் அதைப் பயன்படுத்தலாம். கவனியுங்கள், உரிமை வாடிக்கையாளருடையது. அவர் வாங்கிய எக்ஸ்பி, அவர் ஸ்டிக்கர், அவர் சிடி. அதனால் நகலை அவர் பெயரில் எடுத்து, ஒரு கவரில் கீ எழுதிய காகிதத்தோடு அவரிடமே ஒன்றைக் கொடுத்து, மெஷினுக்குப் பக்கத்து மேசை டிராயரில் வைக்கச் சொல்வதுதான் ஒழுங்கு. இதற்குத் தனியாக ஒரு தொகை வாங்குங்கள், தயங்காதீர்கள். ஊருக்கெல்லாம் பென்டிரைவில் ஏற்றி விற்பதற்கு இந்தப் பிரிவு குடை பிடிக்காது. விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த பிராண்டு கணினிகளில் கீ மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, ஸ்டிக்கரைத் தேட வேண்டாம். போர்டு செத்தால் கீயும் போச்சு என்பதால் அதை முன்னாலேயே படித்து எழுதி வையுங்கள்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டம்தோறும் நம் ஆட்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் மதர்போர்டு விலையும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பட்டியல் ஓடட்டும். கோப்புகளைப் பகிர வேண்டாம். யாரிடம் எந்த ஒரிஜினல் டிஸ்க், எந்தப் பதிப்பு, எந்த மொழி, எந்த பிராண்டின் ரிகவரி இருக்கிறது என்ற தகவல் மட்டும் போதும். லைசென்ஸும் ஸ்டிக்கரும் கையில் இருந்து டிஸ்க் மட்டும் செத்துப்போன வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு திண்டாடும் சிவகாசிக்காரருக்கு, அதே டிஸ்க் ஈரோட்டில் ஒருவரிடம் இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், மற்றதை அவர்கள் பேசிக்கொள்வார்கள். விண்டோஸ் 98-க்கான பூட் ஃப்ளாப்பி, எக்ஸ்பிக்கு வந்த தமிழ் இடைமுகப் பொதி, டாங்கிள் டிரைவர் சிடிகள் போன்றவை யாரிடமாவது இருந்தால் அவையும் அந்தப் பட்டியலில் ஏறட்டும்.

பட்டியலின் முதல் வரியை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எல்லோரும் அதன் 64 பிட் ஐஎஸ்ஓவை வைத்திருப்பீர்கள். 32 பிட் யாரிடம் இருக்கிறது? விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 16 பிட் டாஸ் நிரல்களை நேரடியாக ஓட்டும் வசதி 32 பிட் விண்டோசில் மட்டும்தான் இருந்தது, விண்டோஸ் 10-தான் அதில் கடைசி. டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங்கையும் அடகுக் கணக்கையும் இன்றும் விடாமல் ஓட்டும் மண்டிக்காரர்களும் வட்டிக்கடைக்காரர்களும் உங்கள் எல்லோருக்குமே வாடிக்கைதான். அவர்களுடைய ஹார்டு டிஸ்க் போகும் நாளில் மைக்ரோசாஃப்ட் பக்கம் திறந்திருக்குமா என்பதை நம்பி உட்கார வேண்டாம். பதிப்பு 22எச்2, 32 பிட், ஆங்கிலம். இந்த வாரமே இறக்கி, ஹாஷ் எழுதி, இரண்டு டிஸ்க்கில் போட்டுவிட்டுக் குழுவில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்